நான்கு மணி நேரக் கணக்கு: புதுச்சேரி ஓட்டக்காரரின் மாரத்தான் வேகம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வைக்கப்படும் தடுப்பு மறுநாள் காலை 7.30-க்குத்தான் விலகுகிறது. அதுவரை வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. விடியற்காலையில் போர் நினைவுச் சின்னத்துக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே, நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுகிறவர்களையும் காணலாம். கோவையில் டிசம்பரில், சென்னையிலும் மும்பையிலும் ஜனவரியில், ஆரோவில்லில் பிப்ரவரியில் என்று ஏதோ ஒரு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர்களில் பலர். சற்று நேரம் கவனித்தால் ஒன்று புலப்படும். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஓடி முடித்ததும் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு என்ன பேஸ்?”

ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் பேஸ். மாரத்தான் பயிற்சியின் மையக் கேள்வியும் அதைச் சுற்றியதே: 42.195 கி.மீ. தொலைவை, கடைசி அடிவரை குலையாமல், எந்த வேகத்தில் என்னால் ஓட முடியும்? கடந்த அறுபது ஆண்டுகளில் விமானப்படை மருத்துவர், பொறியாளர், உளவியலாளர், பத்திரிகைக்காரர், உடலியல் ஆய்வாளர் எனப் பலர் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் தந்த விடைகளைப் புதுச்சேரியின் வெயிலிலும் செம்மண்ணிலும் வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. அப்படிப் பார்த்தால் ஒரு முடிவு அழுத்தமாகத் தெரிகிறது. இலக்கு நேரத்தை முதலில் முடிவுசெய்து, அதை 42.195 ஆல் வகுத்து, வந்த எண்ணைத் தன் வேகம் என்று நம்புவது தலைகீழான வழி. ஓடிக் காட்டிய வேகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் வெப்பத்துக்கும் தரைக்கும் உரியதைக் கழித்து, மிஞ்சுவதை இலக்காகக் கொள்வதே பாதுகாப்பானது.

முழு எண்ணின் ஈர்ப்பு

இந்தியாவில் சாதாரண மக்கள் மாரத்தான் ஓடத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். மும்பை மாரத்தான் 2004-இல் தொடங்கியது. சென்னை ரன்னர்ஸ் குழு 2006-இல் உருவானது. ஆரோவில் மாரத்தான் 2008-இல் பிறந்தது; கோவை மாரத்தான் 2013-இல். சென்னை மேயராகவும் பின்னர் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பு வகித்த மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். அலுவலகம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரர்கள் இந்த விளையாட்டுக்குள் வந்த காலம் இது.

அப்படி வருகிறவர்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு பெரும்பாலும் ஒரு முழு எண். ஐந்து மணி நேரம், நான்கரை, நான்கு. எரிக் ஆலன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அலசி 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான்கு மணி நேரம் போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாக ஓட்டக்காரர்கள் கூட்டமாக முடிக்கிறார்கள், அந்தக் கோட்டைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது என்று அதில் தெரிந்தது. முழு எண் மனிதரைக் கடைசிக் கிலோமீட்டரில் உந்தித் தள்ளுகிறது என்பது உண்மை. ஆனால் அதே எண் முதல் பத்துக் கிலோமீட்டரில் அவரை அளவுக்கு மீறி விரட்டவும் செய்கிறது.

இதைத் தெளிவாகப் பார்க்க ஒரு கற்பனை ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். வயது 40. கடற்கரைச் சாலையில் பழகி, 10 கி.மீ. பந்தயத்தை 55 நிமிடத்தில் முடித்தவர். அவருடைய ஆசை, நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மாரத்தான். அதற்கு வேண்டிய பேஸ் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. அவருடைய 10 கி.மீ. பேஸ் 5:30 என்பதால் வித்தியாசம் பதினோரு விநாடிதானே என்று தோன்றும். அந்தப் பதினோரு விநாடிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று சொல்லத்தான் வாய்பாடுகள் பிறந்தன.

வாய்பாடுகள் சொல்வது

அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-இல் ஓட்டக்காரர்களின் இதழ் ஒன்றில் வெளியிட்ட சூத்திரம் இன்றும் இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பலவற்றின் அடித்தளம். தொலைவு இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்காது, சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை 1.06 என்ற அடுக்கு எண்ணால் அவர் குறித்தார். கைக்கணக்குக்கு இப்படிச் சொல்லலாம்: அரை மாரத்தான் நேரத்தை 2.085 ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம், 10 கி.மீ. நேரத்தை 4.6 ஆல் பெருக்கினாலும் அதுவே. நம் ஓட்டக்காரரின் 55 நிமிடம் இந்தக் கணக்கில் 4 மணி 13 நிமிடமாகிறது. பேஸ் சரியாக 6:00. அரை மாரத்தானுக்கு அதே சூத்திரம் கொடுப்பது 2 மணி 1 நிமிடம்.

இங்கேதான் ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. நான்கு மணி நேர இலக்குக்காக 5:41-இல் புறப்பட்டால் முதல் பாதியை அவர் சரியாக 2 மணி நேரத்தில் கடக்க வேண்டும். அவரால் அரை மாரத்தானை மட்டும் முழுமூச்சாக ஓடினால் கிடைக்கக்கூடிய நேரத்தைவிட அது ஒரு நிமிடம் குறைவு. வாழ்நாளின் சிறந்த அரை மாரத்தானை ஓடிவிட்டு, நிற்காமல் இன்னொன்றையும் அதே வேகத்தில் ஓடுவதாக அவர் திட்டமிட்டிருக்கிறார். அது அவருக்கே தெரியாது.

ரீகல் சூத்திரமும் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு அளவுக்கு மீறி நம்பிக்கை தருகிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் இருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் தரவைக் கொண்டு 2016-இல் இதைச் சோதித்தார்கள். அரை மாரத்தான் வரை சூத்திரம் நன்றாகப் பொருந்தியது. முழு மாரத்தானில், பாதிப் பேருக்காவது உண்மை நேரம் கணிப்பைவிடப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது. வாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது கணிப்பு மேம்பட்டது. நாளுக்கு நாலைந்து கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம் என்று பயிற்சி செய்கிறவருக்கும், வாரம் எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் 10 கி.மீ. நேரம் ஒன்றாக இருக்கலாம். மாரத்தான் நேரம் ஒன்றாக இருக்காது.

பிரெஞ்சுப் பயிற்சியாளர்கள் வேறொரு வழியில் வருகிறார்கள். அவர்களுடைய அடிப்படை அளவு வி.எம்.ஏ.; அதாவது உடல் ஆக்சிஜனை உச்ச அளவில் பயன்படுத்தத் தொடங்கும் வேகம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. இதைக் காண எளிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் அறிமுகப்படுத்திய 12 நிமிட ஓட்டச் சோதனையைப் பாதியாக்கி, 6 நிமிடத்தில் எவ்வளவு தொலைவு ஓட முடிகிறது என்று பார்ப்பார்கள். வந்த மீட்டரை நூறால் வகுத்தால் வி.எம்.ஏ. கிடைத்துவிடும். நம் ஓட்டக்காரர் ஏறத்தாழ 1,280 மீட்டர் ஓடுவார் என்று வைத்துக்கொள்ளலாம்; அவருடைய வி.எம்.ஏ. மணிக்கு 12.8 கி.மீ. கடற்கரைச் சாலையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை, திரும்பாமல் ஓடினால் ஏறத்தாழ அந்தத் தொலைவு வந்துவிடுகிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வாய்த்த வசதி. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் மாரத்தானில் தம் வி.எம்.ஏ.-வின் 75 விழுக்காட்டைச் சுற்றியே நிற்க முடிகிறது. 12.8-இல் 75 விழுக்காடு 9.6. முடிவு நேரம் ஏறத்தாழ 4 மணி 24 நிமிடம், பேஸ் 6:15.

ரீகலின் 4:13 உடன் விக்கர்ஸ் சுட்டிய பத்து நிமிடத்தைக் கூட்டினாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு அடிப்படையில் பிறந்த இரண்டு வழிகள் ஒரே எண்ணைச் சுட்டும்போது அதை மதித்தாக வேண்டும்.

மூன்றாவது வழி, ஓட்டக்காரர்களிடையே மிகவும் பேர்போனது. அமெரிக்க ஓட்ட இதழ் ஒன்றில் பணியாற்றிய பார்ட் யாஸோ கண்டது. 800 மீட்டரைப் பத்து முறை ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே, ஓட எடுத்த நேரம் அளவுக்கே மெதுவோட்டம். 800 மீட்டருக்கு ஆன நிமிடமும் விநாடியும் மாரத்தானுக்கு ஆகும் மணியும் நிமிடமும் ஆகும் என்பது அவர் வாக்கு. 800 மீட்டர் 4 நிமிடம் என்றால் மாரத்தான் 4 மணி நேரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உப்பளம் விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் 400 மீட்டர் வட்டப்பாதையில் இதைச் செய்யும்போது எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 400 மீட்டர் என்பது உள்ளிருந்து முதல் தடத்துக்கு மட்டுமே பொருந்தும். இரண்டாம் தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 407 மீட்டர். இரண்டு சுற்றுக்குப் பதினான்கு மீட்டர் கூடுகிறது. 4 நிமிட வேகத்தில் அது நான்கு விநாடி. யாஸோ கணக்கில் அந்த நான்கு விநாடி, மாரத்தானில் நான்கு நிமிடமாக வந்து நிற்கும். அது மட்டுமல்ல. வேகமாக ஓடும் திறன் மிக்க, ஆனால் நீண்ட ஓட்டப் பயிற்சி குறைந்த ஒருவரால் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிட முடியும். அதனால்தான் பல பயிற்சியாளர்கள் யாஸோ எண்ணோடு குறைந்தது ஐந்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

உடல் தரும் குறிப்பு

வாய்பாடு முந்தைய நாளின் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. இன்றைய ஓட்டத்தைப் பற்றிப் பேச உடலால் மட்டுமே முடியும்.

மிகப் பழைய அளவுகோல் பேச்சுதான். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவோட்டம். நாலைந்து சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் மாரத்தான் வேகத்தின் அருகே இருக்கிறோம். ஒற்றைச் சொல்தான் வருகிறதென்றால் அந்த வேகத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. குழுவாக ஓடுகிறவர்களுக்கு இது இயல்பாகவே கிடைக்கும் சோதனை. முதல் நாலு கிலோமீட்டர் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர் ஆறாவது கிலோமீட்டரில் “ம்” கொட்டத் தொடங்கினால், கடிகாரம் எதைக் காட்டினாலும், வேகம் அவர் கையை மீறிவிட்டது.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் இந்த உணர்வுக்கு எண் கொடுத்தார். அவருடைய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளவயதினரின் இதயத் துடிப்புக்கு நெருக்கமாக வரும் என்பதால் அப்படி அமைத்தார். 13 என்பது ‘சற்றுக் கடினம்’. மாரத்தானின் முதல் பாதி அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. பின்பாதியில் வேகம் மாறாவிட்டாலும் எண் தானாக ஏறும்.

இதயத் துடிப்பை மார்பில் பட்டை கட்டி அளக்கும் வசதி 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனத்தால் ஓட்டக்காரர்களுக்கு வந்தது. இன்று மணிக்கட்டுக் கடிகாரமே அளக்கிறது. ஆனால் அளவைவிட, அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். உச்சத் துடிப்பு 220-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைக்கும் என்பது பரவலான கணக்கு. 2001-இல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். நாற்பது வயதுக்கு இரண்டுமே 180 என்கின்றன. அறுபது வயதுக்கு முதல் கணக்கு 160, இரண்டாவது 166. எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் தனி மனிதரிடம் பத்துத் துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். எனவே சூத்திரம் தரும் மண்டலங்களை வேதமாகக் கொள்ளாமல், ஒருவர் தன் துடிப்பைத் தன்னோடு ஒப்பிடுவதே பயனுள்ளது. ஒரே பாதை, ஒரே நேரம், 140 துடிப்பில் முப்பது நிமிட ஓட்டம். பேஸ் என்ன வருகிறது என்று மாதம் ஒருமுறை குறித்துவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கடிகாரமும் அளந்த சாலையும்

அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. 2003-இல் கார்மின் நிறுவனம் ஓட்டக்காரர்களுக்கென்று ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மைல்கல்லையும் கைக்கடிகாரத்தையும் நம்பியிருந்தவர்களுக்கு, ஓடும்போதே பேஸ் தெரிவது பெரிய மாற்றம்.

இந்தக் கருவி எங்கே சரியாகச் சொல்லும், எங்கே தடுமாறும் என்பதைப் புதுச்சேரியிலேயே கண்டுகொள்ளலாம். கடற்கரைச் சாலையில் கிழக்கே முழு வானமும் திறந்து கிடக்கிறது. கணக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். உயர்ந்த மதில்களுக்கு இடையே ஓடும் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களுக்குள் நுழைந்து, சந்திக்குச் சந்தி திரும்பினால் வரைபடத்தில் கோடு வீட்டுக்குள் புகுந்து வெளியே வரும். ஆரோவில் காட்டுப் பாதையில் மரக்கூரை சமிக்ஞையைத் தடுக்கிறது. பாதையின் வளைவுகளைக் கருவி நேர்கோடாக வெட்டிவிடுவதால் ஓடிய தொலைவு குறைவாகப் பதிவாகும். பேஸ் மெதுவானதாகக் காட்டும். கணத்துக்குக் கணம் மாறும் பேஸைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பதைவிட ஒவ்வொரு கிலோமீட்டரின் சராசரியைப் பார்ப்பதே நல்லது.

பந்தயச் சாலையை அளப்பது வேறு கலை. சைக்கிளின் முன்சக்கரத்தில் பொருத்தும் ஜோன்ஸ் எண்ணியைக் கொண்டு, சாலையில் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டுகிறார்கள். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். ஓடுகிறவரோ கூட்டத்தில் வளைந்து, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, திருப்பத்தில் வெளிப்பக்கமாகப் போகிறார். முடிவில் கடிகாரம் 42.6 என்று காட்டுவது சாதாரணம். 5:41 பேஸில் அந்தக் கூடுதல் 400 மீட்டருக்கு 2 நிமிடம் 17 விநாடி ஆகும். கடிகாரத்தில் 5:41 என்று பார்த்துக்கொண்டே ஓடி நான்கு மணி 2 நிமிடத்தில் முடித்தவர்களின் வருத்தத்துக்குக் காரணம் இதுதான்.

வெப்பம் வசூலிக்கும் பங்கு

மேலே சொன்ன சூத்திரங்களில் பல, ஓட்டத்துக்கு ஏற்ற குளிர்ந்த வானிலையில் ஓடியவர்களைக் கொண்டு உருவானவை. பிரான்சின் நூர் எல் ஹெலூவும் குழுவினரும் பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் மாரத்தான்களில் பத்தாண்டுகளில் ஓடிய ஏறத்தாழ 18 லட்சம் பேரின் நேரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். சிறந்த ஓட்டத்துக்கு உகந்த வெப்பநிலை, ஓட்டக்காரரின் தரத்தைப் பொறுத்து, 3.8 முதல் 9.9 டிகிரி செல்சியஸ் வரை. புதுச்சேரியில் ஜனவரி, பிப்ரவரி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடல் குளிர்வதில்லை. தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. அதே பேஸுக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. மாரத்தானை மூன்று மணி நேரத்தில் முடிப்பவரைவிட ஐந்து மணி நேரத்தில் முடிப்பவரே இதற்கு அதிக விலை கொடுக்கிறார். அவர் ஏறுவெயிலிலும் ஓடியாக வேண்டும்.

உலகின் தலைசிறந்தவர்களையும் வெப்பம் விட்டுவைத்ததில்லை. 2019 உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை வெயிலுக்கு அஞ்சி தோஹாவில் நள்ளிரவில் நடத்தினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல். புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்ற ரூத் செப்னெகெட்டிச்சின் நேரம் 2:32:43. 1954-இல் வான்கூவரில் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ் வெயிலையும் பொருட்படுத்தாமல் தன் வழக்கமான வேகத்தைப் பிடித்து ஓடினார். அரங்கத்துக்குள் நுழைந்தபோது அடுத்தவரைவிடப் பதினேழு நிமிடம் முன்னால் இருந்தார். அங்கே திரும்பத் திரும்ப விழுந்தார். எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை. அதன் பிறகு அவர் மாரத்தான் ஓடவில்லை.

புதுச்சேரி ஓட்டக்காரருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிப்ரவரி மாரத்தானுக்குப் பதினாறு வாரப் பயிற்சி என்றால் அது அக்டோபரில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையின் புழுக்கத்தில் ஆரம்பித்து, மார்கழிக் குளிரில் உச்சத்துக்கு வரும். அக்டோபரில் 140 துடிப்பில் 7:00 ஓடியவர் ஜனவரியில் அதே துடிப்பில் 6:35 ஓடினால் அந்த இருபத்தைந்து விநாடியும் பயிற்சியின் பலன் என்று எண்ணிவிடுவார். ஒரு பகுதி காற்று குளிர்ந்ததால் வந்தது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், மாரத்தானின் கடைசி ஒரு மணி நேரத்தில், வெயில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பயிற்சிக் குறிப்பேட்டில் பேஸுக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதிவைக்கிறவர் இந்த ஏமாற்றத்திலிருந்து தப்புகிறார்.

செம்மண் பாதை

தரையும் பேசும். கடற்கரைச் சாலை சமதளம். அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் வடக்கே, ஆரோவில் பீடபூமியில், பாதை செம்மண். ஓரிடத்தில் இறுகிக் கிடக்கும், ஓரிடத்தில் கால் புதையும். வேர்கள் குறுக்கே வரும். ஒவ்வொரு அடிக்கும் தரை திருப்பித் தரும் விசை மாறுவதால் சாலையில் பழகிய பேஸ் அங்கே செல்லாது. 1968-இல் நகரம் நிறுவப்பட்டபோது வெட்டவெளியாக இருந்த அந்த மண்ணில் குடியேறியவர்கள் வளர்த்த காட்டுக்குள்ளேதான் மாரத்தான் நடக்கிறது. பரிசுத்தொகையை முன்னிறுத்தாமல், ஓடும் மகிழ்ச்சிக்காக ஓடுங்கள் என்று சொல்லும் நிகழ்வு அது.

எண்ணை மட்டுமே நம்பிப் பயிற்சி செய்தவர்களுக்கு ஆரோவில் ஒரு நல்ல பள்ளி. பேஸ் பொருளிழக்கும் இடத்தில் மூச்சையும் உழைப்பின் உணர்வையும் கொண்டு வேகத்தைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களும் இரண்டு வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தைக் கடிகாரத்தைப் பார்க்காமல் அங்கே ஓடினால், பந்தயத்தன்று கூட்டத்தின் பரபரப்பில் தம் வேகத்தை இனங்காண முடியும்.

பந்தயத்தில் பங்கீடு

சரியான பேஸைக் கண்டுபிடிப்பது பாதி வேலை; அதைக் காப்பது மறுபாதி. உடலில் மாவுச்சத்தாகச் சேமித்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கலோரி. 65 கிலோ எடையுள்ளவர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 65 கலோரி செலவிட்டு ஓடும்போது மாரத்தானுக்கு 2,700-க்கு மேல் தேவைப்படுகிறது. மீதியைக் கொழுப்பும் வழியில் உட்கொள்வதும் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டு மாவுச்சத்தையே நாடும். முதல் பத்துக் கிலோமீட்டரில் பத்து விநாடி வேகமாகப் போனதன் விளைவு 32-ஆவது கிலோமீட்டரில் தெரிவது இதனால்தான். ஓட்டக்காரர்கள் ‘சுவரில் மோதுவது’ என்பது அதைத்தான்.

அமெரிக்காவின் 14 மாரத்தான்களில் 91,929 முடிவுகளை ராபர்ட் டீனரும் குழுவினரும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 விழுக்காடு மெதுவானார்கள், பெண்கள் 11.7 விழுக்காடு. உடலியல் வேறுபாடு ஒரு காரணம். தன் திறனை மிகையாக மதிப்பிட்டுப் புறப்படுவது ஆண்களிடம் கூடுதல் என்பதும் காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உச்சத்தில் ஓடுகிறவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். 2023 லண்டனில் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 61:40-இலும் இரண்டாம் பாதியை 59:45-இலும் ஓடினார். அதே ஆண்டு சிகாகோவில் 2:00:35 என்ற நேரத்தில் முடித்தபோதும் பின்பாதியே வேகமானது. கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. 1978-இல் ஜலந்தரில் ஷிவ்நாத் சிங் ஓடிய 2:12:00, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3:08, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய ஆடவர் சாதனையாக நிலைத்தது.

பிறர் வேகத்தைக் கடன் வாங்கியவர் தப்பித்ததும் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எமில் ஸாட்டபெக் ஓடியது அவருடைய முதல் மாரத்தான். எந்த வேகம் சரி என்று தெரியாமல், அன்றைய சிறந்த நேரத்துக்குச் சொந்தக்காரரான அதே ஜிம் பீட்டர்ஸின் பக்கத்தில் ஓடினார். வேகம் கூடுதலோ என்று கேட்டார். குறைவுதான் என்று பீட்டர்ஸ் பதில் சொல்ல, ஸாட்டபெக் முன்னே போய் வென்றார். பீட்டர்ஸ் பாதியில் விலகினார். ஸாட்டபெக் ஏற்கெனவே அந்த ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டையும் வென்றவர் என்பதை மறக்கக் கூடாது. இன்று பெரிய மாரத்தான்களில் முடிவு நேரம் எழுதிய கொடியோடு ஓடும் பேசர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பயின்ற பேசரின் பின்னால் ஓடுவது மனச்சுமையைக் குறைக்கும். எந்தக் கொடியின் பின்னால் நிற்பது என்பதை மட்டும் ஒருவர் தன் கணக்கைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

நம் நாற்பது வயதுக்காரரின் கணக்கை இப்போது முடித்துவிடலாம். ஆசை 4:00, ரீகல் 4:13, வி.எம்.ஏ. 4:24. பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 கி.மீ. நீண்ட ஓட்டம், அதில் கடைசிப் பத்துக் கிலோமீட்டரை 6:15-இல் ஓடுகிறார். மூச்சு நாலைந்து சொல்லுக்கு இடம் தந்தால், துடிப்பு முதல் கிலோமீட்டருக்கும் பத்தாவதற்கும் இடையே பெரிதாக ஏறாவிட்டால், சென்னை போன்ற சாலை மாரத்தானுக்கு 4:25 அவருக்கு நியாயமான இலக்கு, பேஸ் 6:17. ஆரோவில்லுக்கு நேர இலக்கே வேண்டாம். போர்க்கின் 13 போதும். சாலையில் முதல் ஐந்து கிலோமீட்டரை 6:25-இல் கடந்து, பிறகு 6:15-க்கு வந்தால், அரைத் தொலைவில் கடிகாரம் 2 மணி 13 நிமிடத்துக்குச் சற்று முன்பும், 30 கி.மீ.-இல் 3 மணி 8 நிமிடமும் காட்டும். அங்கே பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு வாக்கியம் பேசிப் பார்க்கட்டும். இடையில் ஒருமுறைதான் மூச்சு வாங்கியதென்றால் 6:05-க்கு இறங்கலாம், மிச்சமுள்ள 12.195 கிலோமீட்டரில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மேல் மிச்சமாகும். வாக்கியம் முடியவில்லையென்றால் 6:17-ஐ விடாமல் பிடித்திருப்பதும், தண்ணீர் மேசை ஒவ்வொன்றிலும் நின்று குடிப்பதுமே அவர் செய்ய வேண்டியவை.